மாளிகையில் ஒரு மொழி, மண்குடிசையில் ஒரு மொழி!

1066ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள். இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலே முடிசூட்டு விழா. முடி சூட்டிக்கொள்பவன் அந்த மண்ணிலே பிறந்தவனல்லன். கடல் கடந்து வந்தவன். நார்மண்டி நாட்டுக் கோமகன் வில்லியம். இரண்டு திங்களுக்கு முன்புதான், அக்டோபர் 14ஆம் நாள், ஹேஸ்டிங்ஸ் களத்திலே ஆங்கில மன்னன் ஹெரால்டு பிணமானான். வீழ்ந்தவன் நாட்டிலே வென்றவன் விழா எடுக்கிறான்.

"இவரை மன்னராக ஏற்கிறீர்களா?" என்று கூடியிருப்போரைக் கேட்க வேண்டும், மரபு அது. கேட்டார்கள், இருவர் கேட்டார்கள், இரு மொழிகளிலே கேட்டார்கள்! யார்க் நகரத்துப் பேராயர் ஆங்கிலத்திலே கேட்டார், தோற்றவர்களுக்காக. கூத்தான்ஸ் நகரத்து ஆயர் பிரெஞ்சு மொழியிலே கேட்டார், வென்றவர்களுக்காக. "ஏற்கிறோம்!" என்று எழுந்தது பேரொலி. வெளியே காவல் நின்றிருந்த நார்மானியப் படைவீரர்களின் செவியிலே ஒலி விழுந்தது, பொருள் விழவில்லை. புரியாத மொழியிலே இத்தனை பெரிய கூச்சலா, துரோகமன்றோ நடக்கிறது என்று எண்ணினர். அண்டையிலிருந்த வீடுகளுக்குத் தீ மூட்டினர். உள்ளே இருந்தோர் அலறியடித்து ஓடினர். எஞ்சி நின்ற பாதிரிமார் சிலர், நடுங்கிக்கொண்டிருந்த மன்னன் தலையிலே எப்படியோ முடியை ஏற்றி முடித்தனர். ஆர்டெரிக் வைட்டாலிஸ் என்ற துறவி தம் வரலாற்று ஏட்டிலே எழுதி வைத்துள்ள நிகழ்ச்சி இது.

வாழ்த்தியதற்குக் கிடைத்த பரிசு, வீடு வேகும் நெருப்பு! வாழ்த்தியவன் குற்றவாளியா? அல்லன். அவன் செய்த குற்றமெல்லாம், ஆள வந்தவனுக்குப் புரியாத மொழியிலே வாழ்த்தியதுதான்.

ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு மொழி கற்பது கடினமா, எளிதா என்ற கேள்வி இன்றும் மாணவர்களிடையே எழுகிறது. வேடிக்கைக் கேள்விபோலத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னே எழுநூறு ஆண்டு வரலாறு மறைந்து கிடக்கிறது. அதைத்தான் நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

முதலிலே, கேள்விக்கு நேரான விடை. அமெரிக்க அரசு, தன் தூதுவர்களுக்குப் பிறநாட்டு மொழிகளைக் கற்பிக்க ஒரு பயிற்சிக் கூடம் நடத்தி வருகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவன் ஒரு மொழியிலே தேர்ச்சி பெற எத்தனை வாரம் ஆகும் என்று அங்கே கணக்கிட்டு வைத்திருக்கின்றனர். சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு 88 வாரம். நம் தமிழுக்கு 44 வாரம். பிரெஞ்சுக்கோ ஏறத்தாழ 30 வாரம்தான். ஆங்கிலேயனுக்கு எளிதாக வாய்க்கும் மொழிகளின் வரிசையிலேதான் பிரெஞ்சு இருக்கிறது.

எளிது என்பதால் இடறலே இல்லையென்று பொருளன்று. தமிழிலே உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பகுக்கிறோம்; அறிவுள்ளது எது, அற்றது எது என்பதே அங்கு அளவுகோல். பிரெஞ்சு மொழியிலே உயிரற்ற பொருளுக்கும் பாலுண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். சூரியன் ஆண், நிலவு பெண். மீசை முறுக்கி நிற்கும் காவற்காரனைக் குறிக்கும் சொல்லும் பெண்பால்! ஏன் என்று கேட்டால் விடையில்லை. மனப்பாடம் செய்வதுதான் வழி. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவோ, பிணங்கிக்கொண்ட பங்காளிகளின் உறவு. புழு, கண்ணாடி, பச்சை, 'நோக்கி' என்ற பொருள்தரும் சொல் ஆகிய நான்கையும் நான்கு விதமாக எழுதுவர். ஒலிக்கும்போது நான்கும் 'வேர்' என்றே கேட்கும். எண்பது என்று சொல்ல 'நான்கு இருபது' என்பர். தொண்ணூற்றேழு என்பதற்கு 'நான்கு இருபது பத்து ஏழு' என்று கூட்டல் கணக்கே போட வேண்டும். ரொட்டிக்குப் பிரெஞ்சுக்காரன் எழுதும் நான்கு எழுத்தை ஆங்கிலேயன் தன் கண்ணால் படித்தால், அது 'வலி' என்று தெரியும்!

இவ்வளவு இடறல் இருந்தும் 30 வாரத்திலே எப்படி முடிகிறது? சொற்கள்! நீதிபதி, நீதிமன்றம், சிறை, குற்றம், வரி, அரசாங்கம், பாராளுமன்றம் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலேயன் வழங்கும் சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஆயிரக்கணக்கிலே அத்தகைய சொற்கள் அவன் மொழியிலே குடியேறிவிட்டன. பாதி வழியை அவனுடைய பாட்டன் முப்பாட்டன் முன்பே நடந்து கொடுத்துவிட்டனர். அவர்கள் விரும்பி நடந்தார்களா? இல்லை, விரட்டப்பட்டு நடந்தார்கள். எளிமை என்று இன்று சொல்லப்படுவது, அன்று பட்ட அடியின் தழும்பு.

மேற்கண்ட சொற்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அத்தனையும் ஆளும் சொற்கள், அடக்கும் சொற்கள், தண்டிக்கும் சொற்கள்! தாய், தந்தை, வீடு, ரொட்டி, தண்ணீர், கை, கால் இவற்றைக் குறிப்பவையோ பழைய ஆங்கிலச் சொற்கள். உழைத்தவன் சொல் குடிசையிலே தங்கிற்று. ஆண்டவன் சொல் கொலுமண்டபத்திலே அமர்ந்தது.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட், 1819ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த 'ஐவன்ஹோ' புதினத்திலே, ஒரு பன்றி மேய்ப்பவனையும் ஒரு கோமாளியையும் பேசவிட்டு இதை விளக்குகிறார். கொட்டிலிலே நிற்கும்போது மாடும் பன்றியும் ஆங்கிலப் பெயரோடு இருக்கின்றன. சமைத்து மேசைக்கு வந்ததும் பீஃப், போர்க் என்று பிரெஞ்சுப் பெயர் பூணுகின்றன. மேய்த்தவன் ஒருவன், மென்றவன் மற்றொருவன். சொல் வேறுபாடு இத்தனை துல்லியமாக வகுக்கப்பட்டது பிற்காலத்திலேதான் என்பர் மொழிநூலார். பிரெஞ்சிலே அச்சொற்கள் விலங்கையும் குறிக்கும், இறைச்சியையும் குறிக்கும். எனினும், மேய்த்தவன் மொழி எது, மென்றவன் மொழி எது என்பதிலே ஐயமில்லை.

வென்ற வில்லியம் ஆங்கிலம் கற்க முயன்றான் என்று அதே ஆர்டெரிக் எழுதுகிறார். குடிமக்களின் முறையீட்டை மொழிபெயர்ப்பாளன் இன்றித் தானே கேட்டு நீதி வழங்கலாம் என்பது மன்னனின் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் நாற்பது வயது தாண்டிய மன்னனுக்கு நாவும் வளையவில்லை, ஓயாத போரும் அலுவலும் விடவில்லை, முயற்சியைக் கைவிட்டான். கைவிட்டதால் அவனுக்கு வந்த நட்டம் என்ன? ஒன்றுமில்லை! முடி போயிற்றா? இல்லை. நிலம் போயிற்றா? இல்லை. மன்னனுக்கு மக்கள் மொழி வரவில்லையென்றால் அது மன்னனின் வயதுக் குறை. மக்களுக்கு மன்னன் மொழி வரவில்லையென்றால் அது மக்களின் அறியாமை! வழக்கிலே தோற்பான், வரியிலே ஏமாறுவான், பதவிப் படியை மிதிக்கவும் முடியாது. மொழி கடினமா எளிதா என்று இலக்கண நூல் மட்டும் தீர்ப்பளிப்பதில்லை. தோற்றால் யாருக்கு நட்டம் என்ற கேள்வியும் உடன் இருக்கிறது.

வில்லியம் 1086இல் எடுத்த நிலக் கணக்கேட்டுக்கு 'டூம்ஸ்டே' ஏடு என்று பெயர். இலத்தீனிலே எழுதப்பட்டது. வெற்றிக்குப் பின் இருபதே ஆண்டில், பெருநிலக்கிழாரின் உடைமையிலே ஆங்கிலேயர் கையில் எஞ்சியது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்குதான் என்று அந்த ஏட்டை ஆய்ந்தோர் கூறுகின்றனர். நிலம் கைமாறியது, மேடை கைமாறியது, ஏடும் கைமாறியது. தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத்திலே எழுதப்பட்டு வந்த நாட்டு வரலாற்றுக் குறிப்பேடு, பீட்டர்பரோ மடத்திலே மட்டும் தொடர்ந்தது. 1154ஆம் ஆண்டுக் குறிப்போடு அங்கும் எழுதுகோல் ஓய்ந்தது.

பிறகு நாட்டிலே மூன்று மாடி கட்டப்பட்டது. மேல்மாடியிலே இலத்தீன்: ஆண்டவன் பெயராலும், அறிவின் பெயராலும். நடு மாடியிலே பிரெஞ்சு: அரசவைக்கும் வழக்குமன்றத்துக்கும். அடித்தளத்திலே, வெளிச்சமற்ற அறையிலே ஆங்கிலம்: ஏர் பிடிப்பவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும். மேல்மாடிக்காரர் கீழே வர மாட்டார். கீழே உள்ளவன் மேலே ஏறப் படிக்கட்டு கிடையாது. மொழியிலே மட்டுமா வருணாசிரமம்! அந்தச் சொல் அந்த நாட்டிலே இல்லை. அந்தச் சூது இருந்தது.

படிக்கட்டு ஏற ஆசைப்பட்டவன் பட்ட பாட்டுக்குச் சான்றும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, பிபெஸ்வொர்த் ஊரைச் சார்ந்த வால்டர் என்ற வீரப்பெருமகன், ஒரு சீமாட்டி தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க உதவுமென்று செய்யுளிலே ஒரு நூல் செய்தார். வரிகளுக்கிடையே ஆங்கிலப் பொருளும் எழுதப்பட்டது. உதடு, முயல், பவுண்டு, புத்தகம் இந்நான்குக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்கள் ஏறக்குறைய ஒன்றேபோல் ஒலிப்பவை. 'ல' என்பதா, 'லெ' என்பதா என்பதைப் பிழையின்றிச் சொன்னால்தான் பொருள் விளங்கும் என்று அந்நூல் எச்சரிக்கிறது. வெற்றி நடந்து இருநூறாண்டு ஆவதற்குள், சீமாட்டி வீட்டுப் பிள்ளைக்கே பிரெஞ்சு தாய்மொழியாக இல்லை, பாடமாகிவிட்டது! அவர்களுக்கே பாடமென்றால், பண்ணையாளுக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

இருந்தும் மோகம் விட்டதா? ரானல்ஃப் ஹிக்டன் என்ற துறவி, பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிலே எழுதிய வரலாற்றிலே மனம் நொந்து கூறுகிறார்: வேறெந்த நாட்டிலும் இல்லாத வழக்கமாக, பள்ளிப் பிள்ளைகள் தம் மொழியை விட்டுப் பிரெஞ்சிலே பாடம் சொல்ல வற்புறுத்தப்படுகின்றனர், பெருமக்கள் வீட்டுக் குழந்தைக்குத் தொட்டிலிலேயே பிரெஞ்சு பழக்கப்படுகிறது, அதைப் பார்த்துப் பட்டிக்காட்டானும் மதிப்புப் பெற வேண்டி முக்கி முனகிப் பிரெஞ்சு பேச முயல்கிறான் என்று. படிக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வெட்கமும் வருகிறது. அந்தப் பட்டிக்காட்டான் நமக்குத் தெரியாதவனா?

அப்படிப் பாடுபட்டுக் கற்ற பிரெஞ்சும் பாரிசிலே செல்லவில்லை. சாசர் தம் 'கான்டர்பரிக் கதைக'ளிலே ஒரு கன்னிமாடத் தலைவியைப் படைத்தார். அம்மையார் பேசுவது இலண்டன் ஓரத்து ஊரிலே கற்ற பிரெஞ்சு. பாரிசுப் பிரெஞ்சு அவருக்குத் தெரியாது என்று மெல்லக் கிள்ளுகிறார் கவிஞர்.

காற்றும் திரும்பத் தொடங்கியது. 1204ஆம் ஆண்டு ஜான் மன்னன் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசனிடம் இழந்தான். கடலின் இருகரையிலும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள், எந்தக் கரை என்று முடிவு செய்தாக வேண்டிய நிலை வந்தது. இக்கரையிலே தங்கியவனுக்கு இந்த மண்ணின் மொழி மெல்ல மெல்ல வேண்டியதாயிற்று. 1258இல் மூன்றாம் ஹென்றியின் அரசாணை ஒன்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட்டது. 1295இல் முதலாம் எட்வர்டு, பிரெஞ்சு அரசன் ஆங்கில மொழியையே மண்ணிலிருந்து துடைத்தழிக்கத் திட்டமிடுகிறான் என்று அபாய அறிவிப்பு விடுத்தான். எந்த மொழியிலே விடுத்தான்? இலத்தீனிலே! விடுத்தவன் அரண்மனையிலே பேசப்பட்ட மொழி? பிரெஞ்சு! மக்களின் மொழிப்பற்று போருக்கு ஆள் சேர்க்கவும், பணம் திரட்டவும் தேவைப்பட்டது. ஆட்சி நடத்தத் தேவைப்படவில்லை. மேடையிலே தாய்மொழி வாழ்க என்பதும், கோப்பிலே வேற்றுமொழி ஆள்வதும் இன்று நேற்று வந்த பழக்கமல்ல.

1348, 1349ஆம் ஆண்டுகளிலே கொள்ளைநோய் வந்தது. பிரபு என்றும் பாராமல், பாதிரி என்றும் பாராமல் வாரிக்கொண்டு போயிற்று. பழைய முறையிலே பயிற்றிய ஆசான்கள் பலர் மாண்டனர். ஜான் கார்ன்வால் என்ற இலக்கண ஆசிரியர், பிரெஞ்சை விடுத்து ஆங்கிலத்தின் வழியே பாடம் நடத்தத் துணிந்தார். அவரிடமிருந்து ரிச்சர்டு பென்கிரிச் என்பவர் அம்முறையைக் கற்றார், அவரிடமிருந்து மற்றவர். 1385ஆம் ஆண்டிலே, ஹிக்டனின் நூலை ஆங்கிலப்படுத்திய ஜான் டிரெவிசா ஒரு குறிப்புச் சேர்க்கிறார்: இப்போது இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி, பிள்ளைகள் முன்னைவிட விரைவாகக் கற்கின்றனர், பிரெஞ்சு தெரியாமற் போனது, கடல் கடந்து செல்லும்போது இடராகும். நிறையும் கூறினார், குறையும் கூறினார், நேர்மையான எழுத்து. தாய்மொழியிலே கற்பித்தால் பிள்ளை விரைவிலே கற்கும் என்ற உண்மை, அறுநூறு ஆண்டுக்கு முன்பே கண்டு எழுதப்பட்டுவிட்டது. இன்றும் இதைப் புதுமைபோலப் பேச வேண்டியிருக்கிறதே, அதுதான் விந்தை!

1362ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வர்டின் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. நாட்டிலே பிரெஞ்சு மொழி பலருக்குத் தெரியவில்லை. வழக்காடுவோருக்குத் தம் சார்பிலும் தமக்கெதிராகவும் என்ன பேசப்படுகிறது என்பதே விளங்கவில்லை. ஆகவே இனி வாதம் ஆங்கிலத்திலே நடக்கட்டும், பதிவு இலத்தீனிலே இருக்கட்டும் என்பது அதன் சாரம். கழுத்துக்குக் கயிறு வருமா வராதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கழுத்துக்கு உரியவன் எதிரே நின்று விழித்துக்கொண்டிருக்கிறான்! இப்படித்தான் நீதி வழங்கப்பட்டது என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி எது தெரியுமா? பிரெஞ்சு!

சட்டம் வந்தது, சட்டக்காரர் வழிவிட்டனரா? வாயிலே ஆங்கிலம் வந்தது. வழக்கறிஞர் கையேட்டிலே பிரெஞ்சே நின்றது. புரியாத மொழி அவர்களுக்குப் பூட்டு. பூட்டு இருந்தால்தானே சாவிக்காரனுக்குக் கூலி! நாளடைவிலே அந்தப் பிரெஞ்சு, பிரெஞ்சுக்காரனுக்கும் புரியாத பிரெஞ்சாயிற்று. 1631இல் சாலிஸ்பரி நகர நீதிமன்றத்திலே தண்டனை பெற்ற கைதி ஒருவன், ஆத்திரத்திலே நீதிபதிமீது செங்கல் துண்டை வீசினான், குறி தவறிற்று. அவன் வலக்கை வெட்டப்பட்டது, தூக்கிலும் போடப்பட்டான். கொடுமையான அந்நிகழ்ச்சியைக் குறித்து வைத்தவர், அதை வழக்குமன்றப் பிரெஞ்சிலே குறித்தார். செங்கல் துண்டுக்குப் பிரெஞ்சுச் சொல் வரவில்லை. ஆங்கிலச் சொல்லையே போட்டார். மயிரிழையிலே தப்பினார் என்பதற்கும் ஆங்கிலமே கைகொடுத்தது. பாதி இது, பாதி அது! எழுதியவனுக்கே தெரியாத மொழி. ஆயினும் செத்தவன் மொழியிலே எழுதக்கூடாது. அத்தனை வீறாப்பு!

மேல்மாடி இலத்தீன் மட்டும் எளிதாக இறங்கியதா? விக்கிளிஃப் என்ற அறிஞரும் அவர் வழி வந்தோரும் 1380களிலே விவிலியத்தை ஆங்கிலமாக்கினர். உழவனும் படிக்கலாமா வேதத்தை என்று கொதித்தனர் குருமார். 1409இல், அனுமதியின்றி வேதத்தை மொழிபெயர்த்தலாகாது என்று தடை போடப்பட்டது. விக்கிளிஃப் 1384இலேயே இறந்துவிட்டார், விட்டார்களா? 1428இல் அவர் எலும்பைத் தோண்டி எடுத்துக் கொளுத்திச் சாம்பலை ஆற்றிலே கொட்டினர். 1526இல் வில்லியம் டின்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்திலே அச்சிட்டார், அதுவும் செருமன் நாட்டு வோர்ம்ஸ் நகரிலே ஒளிந்திருந்து. 1536இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தனர். மூன்றே ஆண்டிலே, அரசனின் ஒப்புதலோடு ஆங்கில விவிலியம் கோயில்தோறும் வைக்கப்பட்டது! எரித்தபோது பாவமாக இருந்தது, மூன்றாண்டிலே புண்ணியமானது எப்படி? கடவுள் மனம் மாறினாரா? இல்லை, அரசன் மனம் மாறினான். கடவுளுக்கு எம்மொழியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே, ஒரு மொழியைத் தவிர வேறெதையும் கருவறைக்குள் விடாதவர்கள் எந்நாட்டிலும் ஒரே குலத்தவர்தான்.

கீழேயிருந்தும் தள்ளினார்கள் மக்கள். 1399இல் நான்காம் ஹென்றி அரியணைக்கு உரிமை கோரியபோது ஆங்கிலத்திலே பேசினான். ஐந்தாம் ஹென்றி 1417 முதல் தன் மடல்களை ஆங்கிலத்திலே எழுதச் செய்தான். 1422இல் இலண்டன் நகரத்து மது வடிப்போர் சங்கத்தார், தங்கள் கணக்கையும் குறிப்பையும் இனி ஆங்கிலத்திலே எழுதுவதெனத் தீர்மானித்தனர். எங்களிலே பலருக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியும், இலத்தீனும் பிரெஞ்சும் தெரியாது; மன்னரே ஆங்கிலத்திலே எழுதுகிறாரே என்றனர். பண்டிதர் அவையிலே பிறந்ததல்ல அத்தீர்மானம். தொழில் செய்வோர் மன்றத்திலே பிறந்தது.

1650ஆம் ஆண்டு, மன்னன் தலையை வெட்டிவிட்டுக் குடியரசு நடத்திய பாராளுமன்றம், சட்ட நூல்களும் வழக்கு நடவடிக்கைகளும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டுமென்று சட்டமியற்றியது. 1660இல் மன்னராட்சி திரும்பிற்று. பழைய மொழியும் திரும்பிற்று! மக்களாட்சி வந்தபோது மக்கள் மொழி வந்தது. அது போனபோது இதுவும் போனது. 1731இல் மீண்டும் சட்டம் இயற்றி, 1733 மார்ச் 25 முதல் இங்கிலாந்தின் நீதிமன்ற ஏடுகள் ஆங்கிலத்திலே எழுதப்பட வேண்டுமென்று விதித்தனர். ஹேஸ்டிங்ஸ் போர் முடிந்து 667 ஆண்டுகள்! தங்கள் நாட்டு நீதிமன்றத்திலே தங்கள் மொழியை முழுமையாக உட்கார வைக்க, உலகை ஆண்ட ஆங்கிலேயருக்கே ஆன காலம் இது. இன்றும் பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் தரும்போது, "மன்னர் விரும்புகிறார்" என்பதை அந்தப் பழைய நார்மானியப் பிரெஞ்சிலேதான் அறிவிக்கின்றனர். பாம்பு போயிற்று, சட்டை கிடக்கிறது.

இதனால் பிரெஞ்சு மொழியை நாம் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். மொழி என்ன தவறு செய்தது? வால்டேரின் வாளினும் கூரிய எழுத்தைத் தாங்கிய மொழி அது. நிரபராதிக்காக எமிலி ஜோலா 1898இலே நாட்டையே குற்றம் சாட்டி முழங்கிய மொழி அது. பிரெஞ்சுக்காரரிலும் ஏழைக்கு அது எளிதாக வாய்க்கவில்லை. புரட்சி நடந்த காலத்திலே, 1794இல், அபே கிரெகுவார் அளித்த அறிக்கை, அந்நாட்டிலே பல இலட்சக்கணக்கானோருக்குப் பிரெஞ்சே தெரியாது என்று கூறிற்று. பிரித்தானி மாநிலத்துப் பள்ளியிலே தாய்மொழியான பிரெத்தோனியத்தைப் பேசிவிட்ட சிறுவன் கழுத்திலே அவமானச் சின்னமாக ஒரு பொருளைத் தொங்கவிட்ட காலமும் உண்டு.

ஆங்கிலேயன் மட்டும் யோக்கியனா? மருமகளாக இருந்து அழுதவள், மாமியாரானதும் அதே அகப்பையை எடுத்தாள்! 1536இல், டின்டேல் எரிந்த அதே ஆண்டிலே, வேல்ஸ் நாட்டு நீதிமன்றங்களிலே ஆங்கிலமே வழங்க வேண்டும், வேல்ஸ் மொழி மட்டும் அறிந்தவனுக்கு அரசுப் பதவியில்லை என்று எட்டாம் ஹென்றியின் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அந்தத் தளை தளரத் தொடங்க 1942 வரையிலும், பிறகு 1967 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தன் கழுத்திலே இருந்த நுகத்தைக் கழற்றி எறிவதற்கு முன்பே, அதுபோல் ஒன்றைச் செய்து அடுத்தவன் கழுத்திலே பூட்டினான். ஆதிக்கத்துக்கு இனமில்லை, நாடில்லை. வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் அதன் ஊர்.

இன்னொரு காட்சியையும் காட்ட வேண்டும். 1726ஆம் ஆண்டு. பிரபு ஒருவனோடு ஏற்பட்ட பூசலிலே, அவன் ஏவிய ஆட்களால் அடிபட்டு, பஸ்திலே சிறையையும் கண்டு, நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தார் வால்டேர். அவருக்கும் ஆங்கிலம் அயல்மொழிதான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அரும்பாடுபட்டுக் கற்றார். அடுத்த ஆண்டே, 1727இல், ஆங்கிலத்திலே கட்டுரைகள் எழுதி அச்சிட்டார்! நியூட்டனின் அறிவும், லாக்கின் சிந்தனையும், பல சமயத்தார் ஒரே நாட்டிலே வாழும் காட்சியும் அவரை ஈர்த்தன. ஆங்கிலேயரைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் இலண்டனிலே ஆங்கில நூலாக வெளிவந்த ஆண்டு 1733. ஆங்கில நீதிமன்றத்தைவிட்டு வேற்றுமொழி வெளியேறிய அதே ஆண்டு! மறு ஆண்டு அதன் பிரெஞ்சுப் பதிப்பைப் பாரிசிலே தீயிலிட்டார்கள்.

வாள் ஏந்தி வந்தவனும் பிரெஞ்சு பேசியவன். அடிபட்டு வந்தவரும் பிரெஞ்சு பேசியவர். ஆண்டவனுக்கு ஆங்கிலம் வரவில்லை. அறிவைத் தேடி வந்தவருக்கு ஓராண்டிலே வந்தது. மொழி அதேதான்; தேடி வந்த நோக்கம் வேறு. இன்று இங்கிலாந்திலே, 2004 முதல், பதினான்கு வயதுக்கு மேற்பட்ட மாணவர் அயல்மொழி படித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரெஞ்சுத் தேர்வு எழுதுவோர் தொகை பாதிக்கும் கீழே சரிந்தது. கடினம் என்கிறான் மாணவன், விட்டுவிடுகிறான். விட்டதற்காக அவன் நிலம் பறிபோகவில்லை, வழக்குத் தோற்கவில்லை. வாய்ப்பொன்றை இழக்கிறானே என்று நாம் வருந்தலாம். ஆனால் கடினம் என்று சொல்லும் உரிமை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் முப்பாட்டனுக்கு அது இல்லை.

நாம் ஏன் இந்தப் பழங்கதையைப் பேசுகிறோம்? 1938இலும் 1965இலும், படி என்று அதட்டியபோது மாட்டோம் என்று எழுந்து நின்றவர்களின் வழி வந்தவர்கள் நாம். மொழிவெறியர் என்று ஏசினர். எந்த மொழி மீதும் நமக்கு வெறுப்பில்லை. புதுவைக்குச் சென்று பிரெஞ்சு படிக்கும் தமிழ் மாணவனை வாழ்த்தி அனுப்புவோம். அறிவுக்காகக் கற்கும் மொழி ஏணி; அதிகாரத்துக்காகத் திணிக்கப்படும் மொழி விலங்கு. இரண்டையும் ஒன்றென்பவர், வால்டேரையும் வில்லியத்தையும் ஒருவரென்பவர்.

ஆயினும் ஏசியவர்களைக் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலே தமிழும் வழக்கு மொழியாக வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. இன்னும் அங்கே ஆங்கிலமே அமர்ந்திருக்கிறது, ஒரு காலத்திலே தன் சொந்த நாட்டு நீதிமன்ற வாயிலிலே நின்று உள்ளே வரலாமா என்று கேட்ட அதே ஆங்கிலம்! நிலவழக்குக்கு வந்த நம் உழவன், தன் வயலைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்று புரியாமல், வழக்கறிஞர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். 1362இலே நின்ற ஆங்கில உழவனைப் போலவே நிற்கிறான்.

அவனிடம் போய், மொழி கடினமா எளிதா என்று கேட்காதீர்கள், தோழர்களே. அவன் வழக்கு அவனுக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். புரியவில்லை என்பான். அந்த ஒரு சொல்லை ஊரறியச் செய்வதுதான் நம் வேலை. ஆங்கிலேயர் 667 ஆண்டு காத்தனர். நாம் அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டுமென்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை.